இடுப்பு வலிக்கு வீடியோ பாத்து எக்சர்சைஸ் பண்றவங்களுக்கு

போன மாசம் ஒரு அக்கா வந்தாங்க, பவர் டேபிள் டெய்லர், நாள் பூரா குனிஞ்சு உக்காந்து தைக்கிற வேலை. திருப்பூர்ல பிசியோதெரபி பண்றவனுக்கு இந்த இடுப்பு ஒண்ணும் புதுசு இல்ல. "டெய்லி எக்சர்சைஸ் பண்ணிட்டுத்தானுங்க சார் இருக்கேன், ஒரு நாள் கூட விடல, ஆனா முன்ன பின்பக்கத்துல மட்டும் இருந்த வலி இப்ப கெண்டைக்கால் வரைக்கும் எறங்கிருச்சுங்க"ன்னாங்க. சரி, வீட்ல பண்ற மாதிரியே பண்ணிக் காட்டுங்கன்னேன். போனை பக்கத்துல தரையில வச்சு வீடியோவைப் போட்டாங்க, மல்லாக்கப் படுத்து ரெண்டு முட்டியையும் நெஞ்சோட சேத்து இழுத்துக் கட்டிக்கிட்டாங்க, கழுத்து மட்டும் போனைப் பாத்து முழுசா திரும்பியிருக்கு. வீடியோ வேற வேகமா ஓடுது, என்னடான்னு பாத்தா 1.5 ஸ்பீடு. பையன் எப்பவோ மாத்தி வச்சது, அந்த வேகத்துக்கே அக்காவும் 3 வாரமா பண்ணிட்டு இருந்திருக்காங்க.

வீடியோல சொன்ன எக்சர்சைஸ் தப்பான்னு கேட்டா இல்ல. அதே எக்சர்சைஸை அன்னிக்கே சாயங்காலம் இன்னொருத்தருக்கு நானே சொல்லிக் குடுத்தேன். அவரு மளிகைக் கடை வச்சிருக்கற பெரியவர், 65 தாண்டிருச்சு. சைக்கிள்ல எவ்ளோ தூரம் போனாலும் ஒண்ணும் பண்ணாது, ஆனா நடந்தா 100 அடி தாண்டல, ரெண்டு காலும் கனத்துப் போயி எங்கயாச்சும் திண்ணையைப் பாத்து உக்காந்தாத்தான் சரியாகுது. இது தண்டுவடம் போற பாதை குறுகிப் போறதால வர்றது, நிமிந்து நின்னா இன்னும் இறுகும், குனிஞ்சா கொஞ்சம் விரியும், அதனாலதான் சைக்கிள் ஹேண்டில்பார் மேல குனிஞ்சு போறப்ப அவருக்கு வலி இல்ல. அந்த அக்காவுக்கு நேர் எதிர். அவங்களுக்கு டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கற மெத்தை, பின்பக்கமா பிதுங்கி நரம்பை உரசுது, குனியக் குனிய ஜாஸ்தியாகுது. பகல் பூரா மெஷின்ல குனியிறது பத்தாதுன்னு காலைல எந்திரிச்சதும் எக்சர்சைஸ்ங்கிற பேர்ல முட்டியை நெஞ்சுக்கு இழுத்து இழுத்து முதுகை இன்னும் 20 தடவ குனிய வச்சிருக்காங்க. ராத்திரி படுத்திருக்கப்ப டிஸ்க் தண்ணிய இழுத்து உப்பி நிக்கும், அதனாலதான் காலைல நாம எல்லாருமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல உயரமா இருப்போம். டிஸ்க் பிரச்சன இருக்கறவங்க எந்திரிச்ச முதல் ஒரு மணி நேரம் ரொம்ப குனியாம இருந்தாலே வலி பாதி அடங்கறத நெறய பேர்ட்ட பாத்திருக்கேன், ஆனா வீடியோக்காரங்க எல்லாரும் "காலையில் எழுந்தவுடன்"னுதான் ஆரம்பிக்கறாங்க.

முன்னாடி குனியிறதா பின்னாடி வளையிறதாங்கிற சண்டை எங்க துறையிலயே பழசு. 1937ல அமெரிக்காவுல வில்லியம்ஸ்னு ஒரு எலும்பு டாக்டர் முன்னாடி குனியிற எக்சர்சைஸா தொகுத்து வெளியிட்டாரு, ரொம்ப வருஷம் உலகம் பூரா அதுதான் இடுப்பு வலிக்கு. அப்புறம் 1956ல நியூசிலாந்து வெலிங்டன்ல மெக்கென்ஸின்னு ஒரு பிசியோ, அவரோட பேஷண்ட் ஒருத்தர் தலைப்பக்கம் தூக்கி வச்சிருந்த டேபிள்ல தெரியாம குப்புறப் படுத்துட்டாரு, உடம்பு பின்பக்கமா வளைஞ்சு கெடக்கு, மெக்கென்ஸி உள்ள வந்து பாத்து பதறிப் போயி எப்படி இருக்குன்னு கேட்டா, வாரக்கணக்கா போகாத கால் வலி போயிருச்சுங்கறாரு அந்த ஆளு. அதுல இருந்துதான் குப்புறப் படுத்து கையை ஊணி எந்திரிக்கற எக்சர்சைஸ் பெருசா பரவுச்சு. ரெண்டு பேரு சொன்னதும் யாருக்கோ சரி, யாருக்கோ தப்பு. மளிகைக் கடைப் பெரியவரை குப்புறப் போட்டு வளைச்சிருந்தா அவரு வீட்டுக்கு ஆட்டோ பிடிச்சுத்தான் போயிருக்கணும்.

அந்த மெக்கென்ஸிகிட்ட இருந்து நாங்க எடுத்துக்கிட்ட முக்கியமான விஷயம் எக்சர்சைஸ் கூட இல்ல, வலி எந்தப் பக்கம் நகருதுன்னு பாக்கறது. கால்ல இருந்த வலி தொடைக்கு ஏறி, அங்கிருந்து இடுப்புக்கு வந்து நின்னா, இடுப்புல கொஞ்சம் கூடுதலா வலிச்சாக்கூட அது நல்ல சேதி, பண்றதைத் தொடரலாம். இடுப்புல வலி கொறைஞ்சு கால்ல கீழ எறங்குனா அன்னிக்கே நிறுத்தணும். அக்காவுக்கு நடந்தது இந்த ரெண்டாவதுதான். "இடுப்பு வலி கொறஞ்சிருக்கு, அப்ப வேலை செய்யுதுன்னு நெனச்சேனுங்க"ன்னாங்க, அவங்க மேல தப்பே சொல்ல முடியாது, நான் பாத்த வீடியோவுல முக்கால்வாசி இதைப் பத்தி ஒரு வரி கூட பேசல. "நல்லா இழுத்தா நரம்பு ஃப்ரீ ஆகும்"னு சொல்லி காலைத் தூக்கி இழுக்கச் சொல்றாங்க. எரிச்சல்ல இருக்கற நரம்பை இழுத்தா இன்னும்தான் எரியும்.

அதுக்குன்னு வீடியோவே பாக்காதீங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. சாதா இடுப்புப் பிடிப்புக்கு, கால்ல எறங்காத வலிக்கு, நடக்கறது அசையறது எல்லாமே மருந்துதான், படுத்தே கெடக்கறதுதான் கெடுதல். 2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்குன்னு வெளியிட்ட வழிகாட்டியில எக்சர்சைஸ் இருக்கு, ஆனா இடுப்பு பெல்ட்டும், இடுப்பை இழுத்துப் பிடிக்கற டிராக்‌ஷனும் வழக்கமா குடுக்க வேணாம்னு இருக்கு. எங்க ஆளுங்க நெறய கிளினிக்ல இன்னும் அந்த ரெண்டையும் வச்சுத்தான் ஓட்டறாங்க, அதையும் சொல்லிடறேன். நானும் யோக்கியன் இல்ல. வேலைக்குச் சேந்த புதுசுல 8 படம் போட்ட ஜெராக்ஸ் பேப்பர் ஒண்ணு வச்சிருந்தேன், இடுப்பு வலின்னு யாரு வந்தாலும் கையில ஒண்ணு. அந்த ஜெராக்ஸுக்கும் இந்த வீடியோவுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ஜெராக்ஸ் 100 பேருக்குப் போச்சு, இது 10 லட்சம் பேருக்குப் போகுது.

2 வருஷம் முன்ன நானே ஒரு வீடியோ எடுத்தேன். ஆரம்பத்துல 2 நிமிஷம் யாரெல்லாம் இதைப் பண்ணக்கூடாதுன்னு பேசியிருந்தேன். எடிட் பண்ணின தம்பி அதைத் தூக்கிட்டான், "அண்ணா, இதைக் கேட்டா யாரும் நிக்க மாட்டாங்கண்ணா, நேரா எக்சர்சைஸுக்குப் போயிரலாம்"னான். தலைப்புக்கு "3 நாளில் டிஸ்க் உள்ளே போகும்"னு போட்டிருந்தான். அப்புறம் அதை ஏத்தவே இல்ல. ஆனா அவன் சொன்னது பொய் இல்ல, ஜாஸ்தி பேரு பாக்கற வீடியோ எப்படி ஜாஸ்தி பேரு பாக்கற வீடியோ ஆச்சுங்கறது அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

இந்த டிஸ்க் உள்ள போறதும் ஒரு கூத்து. வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் முடிவுகளை ஒண்ணாத் தொகுத்து 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல 20 வயசுக்காரங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ், அதாவது டிஸ்க் பிதுக்கம், 50 வயசுல 60 சதவீதம். யாருக்கும் வலி இல்ல. அதனால எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல எல்4 எல்5 (கீழ் முதுகு எலும்புகளோட நம்பர்) பல்ஜ்னு இருக்கறதை டைப் பண்ணித் தேடி, வர்ற முதல் வீடியோவை ஆரம்பிக்கறது, வெறும் பேரை வச்சு மாத்திரை வாங்கற மாதிரிதான்.

வயசான அம்மாக்கள் விஷயத்துல மட்டும் எனக்கு நெஜமாவே பயம். தொப்பை கொறைய, இடுப்பு வலி போகன்னு படுத்து எந்திரிக்கற சிட்டப் வீடியோக்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் சுத்துது. 1984ல அமெரிக்காவுல மாயோ கிளினிக்ங்கிற ஆஸ்பத்திரில எலும்பு தேய்ஞ்ச பெண்களை வச்சு ஒரு சின்ன ஆய்வு பண்ணாங்க. குனியிற எக்சர்சைஸ் மட்டும் பண்ணின 9 பேர்ல 8 பேருக்கு முதுகெலும்புல புதுசா நசுங்கல், பின்னாடி நிமிர்ற எக்சர்சைஸ் மட்டும் பண்ணின 25 பேர்ல 4 பேருக்குத்தான். மாதவிடாய் நின்ன அம்மாக்களுக்கு எலும்பு எப்படி இருக்குன்னு பாக்காம சிட்டப் குடுக்கக் கூடாது, அவ்ளோதான்.

எந்த வீடியோவை நம்பலாம்னு கேக்கறாங்க. நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணு, எக்சர்சைஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்ன அந்த ஆளு உங்ககிட்ட ஏதாச்சும் கேக்கறாரா. வலி கால்ல எறங்குதா, உக்காந்தா ஜாஸ்தியா நடந்தா ஜாஸ்தியா, எப்ப நிறுத்தணும், இதெல்லாம் பேசுனா மேல பாருங்க. கடக்னு சத்தம் வர்ற மாதிரி முதுகை முறிச்சுக் காட்டுனா மூடிருங்க.

சில வலிக்கு வீடியோவும் வேணாம், நானும் வேணாம், நேரா டாக்டர்கிட்ட போகணும். சாயங்காலம் ஆனா காய்ச்சல், எடை கொறையுது, ராத்திரி படுத்தாலும் வலி விடலைன்னா முதுகெலும்பு டிபியா இருக்கலாம், நம்மூர்ல அது இன்னும் வருது. மூத்திரம் வரல, இல்ல தெரியாமப் போகுது, உக்கார்ற எடத்துல தொட்டா உணர்ச்சி இல்லன்னா, விடியட்டும்னு கூட காத்திருக்காதீங்க, அப்பவே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க, அது நரம்புக் கொத்தே நசுங்கறது. நடக்கறப்ப செருப்பு தானா கழண்டு போயி, அது கழண்டதே தெரியலன்னாலும் வீட்ல உக்காந்திருக்காதீங்க, பாதத்துக்குப் போற நரம்பு பாதிச்சிருக்கலாம்.

அந்த அக்காவை முட்டி இழுக்கறதை நிறுத்தச் சொல்லிட்டு, குப்புறப் படுத்து முழங்கையை ஊணச் சொன்னேன், ஒரு தடவைக்கு 2 நிமிஷம், ஒரு நாளைக்கு 5, 6 தடவ. கம்பெனில எங்க படுக்கறதுன்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி, அப்ப எந்திரிச்சு நின்னு இடுப்புல கை வச்சு பின்னாடி 10 தடவ வளைங்கன்னேன். 10 நாள்ல கெண்டைக்கால் வலி தொடைக்கு ஏறிருச்சு. நேத்து ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்ல ஒரு லிங்க் வந்துச்சு அவங்ககிட்ட இருந்து, "சார் இது பண்ணலாமுங்களா"ன்னு.