சொல் விளக்கம்: எக்ஸெப்ஷன் – விதிவிலக்கு

வழக்கமான பாதையில் மேற்கொண்டு போக முடியாத நிலை வரும்போது கணினி நிரல் (புரோகிராம்) எழுப்பும் அறிவிப்புதான் எக்ஸெப்ஷன். திறக்க வேண்டிய கோப்பு அங்கே இல்லை, வகுக்கும் எண் பூச்சியம் என்பது போன்ற நிலைகள். அதைப் பிடிக்கும் வரிகள் (கேட்ச்) அதே செயற்கூறில், அதாவது ஃபங்ஷனில், இல்லையென்றால், அழைத்த செயற்கூறுக்குப் போகும். அங்கும் இல்லையென்றால் அதற்கும் மேலே. யாருமே பிடிக்காவிட்டால் நிரல் நின்றுவிடும்.

எக்ஸெப்ஷன் என்ற சொல்லின் வேர் லத்தீன்: அதில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'காபெரே' என்றால் எடுப்பது. நிரல்மொழிகளில் 1960களில் வந்த பிஎல்/1-இலேயே இந்த வசதி உண்டு. அங்கே அதற்குப் பெயர் 'கண்டிஷன்'.

தமிழில் சிலர் 'பிழை' என்றே எழுதிவிடுகிறார்கள். பிழை எரருக்கு, வழு பக்குக்கு இருக்கட்டும். கோப்பைப் பயனர் அழித்துவிட்டால் அது நிரலின் பிழையா என்ன? விதிவிலக்குதான் சரி. இலக்கணத்தில் 'புறனடை' என்றும் ஒன்று உண்டு: சொல்லாமல் விட்டவற்றையும் இப்படியே கொள்க என்று இயலின் கடைசியில் வரும் நூற்பா. கடைசியில் எழுதும் பொதுவான கேட்சுக்கு அந்தப் பெயரை வைக்கலாம் என்பது என் ஆசை.

'ஹேண்ட்லிங்' என்பதற்குக் கையாளுதல் என்கிறோம். பிடித்ததும் வேலை முடிந்தது என்று அதற்குப் பொருளில்லை. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட்டில், 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது எண் கொள்ளவில்லை, விதிவிலக்கு எழுந்தது. அப்படி எழுந்தால் நிலைமையைத் தெரிவித்துவிட்டு வழிகாட்டு கணினியை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. வன்பொருள் பழுதை மட்டுமே மனத்தில் வைத்த ஏற்பாடு அது: ஒன்று கெட்டால் மாற்றுக் கணினி பார்த்துக்கொள்ளும். மாற்றிலும் அதே மென்பொருள். அது சற்று முன்பே நின்றிருந்தது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்தது, கிளம்பியபின் இந்த ராக்கெட்டுக்குத் தேவையே இல்லாதது.

நின்ற கணினி பழுதுக் குறிப்பை அனுப்பியது. பிரதான கணினியோ அதைப் பறத்தல் தரவு என்று படித்து, ராக்கெட்டின் நாசில்களை (வாயு வெளியேறும் குழல்களை) முழுக்கத் திருப்பியது. கிளம்பிச் சுமார் 40 நொடிகளில் ராக்கெட் சிதறியது. எழுப்புதல், பிடித்தல், கையாளுதல் என்னும் வரிசையில் 'தெரிவித்தல்' என்பதையும் தனிச் சொல்லாகச் சேர்க்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு ராக்கெட் போதும்.