வேனில் ஏறும் கேஸ் சிலிண்டர்: விதி என்ன, இழப்பீடு யாருக்கு?

குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போனாலும், மாலை போட்டுக் குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போனாலும், மதுரைப் பக்கம் வேன் கிளம்பினால் அடுப்பும் அண்டாவும் கூடவே ஏறிவிடும். வண்டிக்குள்ளேயே சமையல் மேடை கட்டிய கேரவன் என்றால் கேட்கவே வேண்டாம். அதில் இருக்கும் சிலிண்டர் பெரும்பாலும் வீட்டு அடுப்பிலிருந்து கழற்றியது. சிக்கலே அங்குதான்.

வீட்டு உபயோகத்துக்குத் தரப்படும் 14.2 கிலோ சிலிண்டரை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது என்கிறது 2000-ஆம் ஆண்டின் எல்பிஜி விநியோக ஒழுங்குமுறை ஆணை. டிபன் வண்டி, கேட்டரிங், வாடகை கேரவன் எல்லாம் இந்தத் தடைக்குள் வரும். இது அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் போட்ட ஆணை என்பதால், மீறினால் 3 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

"எங்க வீட்டு ஆளுங்களுக்குத்தானே சமைக்கிறோம்" என்று கேட்பவர்கள் இன்சூரன்ஸ் விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் மூன்றும் கேஸ் விபத்துக்காக ஒரு பாலிசி எடுத்து வைத்திருக்கின்றன. நாம் பிரீமியம் கட்டுவதில்லை. அதனாலேயே பலருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாது. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய். சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை. பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை உண்டு, ஆனால் இணைப்பு பதிவான முகவரியில் நடந்த சேதத்துக்கு மட்டும்தான். கரிமேட்டு வீட்டுச் சிலிண்டர் அழகர்கோவில் அடிவாரத்தில் வேனை எரித்தால், வேனுக்கு இதில் பணம் கிடையாது. மோட்டார் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றால், ஆர்டிஓ ஒப்புதல் இல்லாமல், ஆர்சி-யில் ஏற்றாமல் உள்ளே சமையலறை கட்டியிருந்தால் அங்கேயும் கேள்வி வரும். வாகன மாற்றத்தைப் பற்றிய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிட்டு வெல்டிங் பட்டறைக்குப் போங்கள்.

சரி, எதை வாங்குவது? தொழிலுக்கு என்றால் 19 கிலோ வணிக இணைப்பு. எப்போதாவது போகிறவர்களுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் போதும். ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். முகவரிச் சான்று தேவையில்லை, ஏதாவது ஒரு அடையாள அட்டை இருந்தால் சரி. மானியம் இல்லாத விலை, அவ்வளவுதான். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு மாற்றி நிரப்பித் தரும் கடைகள் பக்கம் போகவே வேண்டாம். அது சட்டவிரோதம். அதோடு, சூட்டில் கேஸ் விரிவதற்கு உள்ளே இடம் விட்டுத்தான் நிரப்ப வேண்டும். எடை போடாமல் அமுக்கி நிரப்பிய சிலிண்டர் சித்திரை வெயிலில் நிறுத்திய வேனுக்குள் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரயிலில் எந்தச் சிலிண்டருக்கும் அனுமதி இல்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து வந்த பயணிகள் மறைத்துக் கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம். ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவில் இதற்கு 3 ஆண்டு வரை சிறை.

இனி பராமரிப்பு. எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது, காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். வீட்டில் வாசல் வழியாக வெளியேறிவிடும். வேன் தரையில் வழி ஏது? அதனால் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாது. சிலிண்டர் அறை பயணிகள் பகுதியோடு ஒட்டாமல் வெளிப்பக்கம் திறப்பதாகவும், அதன் அடியில் காற்றுத் துளை உள்ளதாகவும் இருக்க வேண்டும். கேஸ் அலாரம் வைப்பதானால் அதையும் தரையோரம் வையுங்கள். சிலிண்டர் நின்றபடிதான் இருக்க வேண்டும். படுக்க வைத்தால் திரவமாகவே ரெகுலேட்டருக்குள் வந்துவிடும். பெல்ட் போட்டுக் கட்டி, வண்டி ஓடும்போது வால்வை மூடிவிடுங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரை உள்ள சுரக்ஷா டியூபை வீட்டில் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். குலுங்கும் வண்டியில் அவ்வளவு காலம் விடக் கூடாது என்பது என் கருத்து. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். தீக்குச்சி வேண்டவே வேண்டாம். சிலிண்டர் கழுத்துப் பட்டையில் சி-27 என்று இருந்தால், 2027 ஜூலை முதல் செப்டம்பருக்குள் மறுசோதனைக்குப் போக வேண்டியது என்று பொருள். தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

குளிருக்காக அடுப்பை எரியவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வண்டிக்குள் தூங்குவது கொடைக்கானல் போகிறவர்கள் செய்யும் காரியம். மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. கேஸ் அலாரமும் அதைக் காட்டாது.

கசிவு என்றால் வால்வை மூடி, எந்த சுவிட்சையும் தொடாமல், எல்லாரும் இறங்கித் தள்ளிப்போய் நின்று 1906-க்கு அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள். விபத்தே நடந்துவிட்டால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். அங்கிருந்து எண்ணெய் நிறுவனத்துக்கும், பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் போகும். நேரடியாக நாம் அலைய வேண்டியதில்லை. எஃப்ஐஆர் நகலையும் மருத்துவ பில்களின் அசலையும் மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.