புரெவி நின்ற இடம்

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் மீன்துறை, கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கனை நிறுத்திவிடும், விசைப்படகுகள் கரையோரம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். ஒன்றாம் எண் என்றால் தொலைவில் தாழ்வு மண்டலம். இரண்டு என்றால் அது புயலாகிவிட்டது. 11 என்பது புயலின் பலமே அல்ல. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்!

சரி, எந்த எண் என்று முடிவு செய்யப் புயலின் பலத்தை எப்படி அறிகிறார்கள்? வங்கக்கடலில் புயலுக்குள் வழக்கமாக விமானம் விட்டு அளப்பதில்லை. மிதவைகள் காற்றழுத்தத்தைச் சொல்லும், ஆனால் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடக்கின்றன. அதனால் பெரும்பாலும் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத்தான் கணிப்பு. முறுக்குப் பிழிந்ததுபோல் மேகப்பட்டை மையத்தை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்று அளப்பார்கள். புயலின் நடுவே மேகமில்லாத கண் திறந்திருந்தால், அதன் வெப்பத்துக்கும் சுற்றியுள்ள மேக உச்சியின் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். வித்தியாசம் கூடினால் புயல் கடுமை. 1970களில் டுவோரக் என்ற அமெரிக்கர் உருவாக்கிய முறை இது. இதில் புயலின் பலத்துக்குத் தரும் மதிப்பெண் டி 2.5 ஆனால் காற்று மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர்; அப்போதுதான் புயலுக்குப் பெயர். காற்றை நேரில் தொடாமல் மேகத்தின் முகத்தைப் பார்த்தே வேகம் சொல்வது எனக்கு இன்னும் வியப்புதான்.

பலத்தைவிடப் பாதைதான் தலைவலி. புயல் தானாக நடப்பதில்லை. வாய்க்கால் தண்ணீரில் போகும் சருகுபோல, சுற்றியுள்ள காற்றோட்டம் அதை இழுத்துப் போகிறது. கணினியில் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். பாதைகள் ஒட்டிப் போனால் நம்பலாம். சிதறினால் எங்கே போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

2020 டிசம்பர் 2ஆம் தேதி இரவு திருகோணமலைப் பக்கம் கரையேறிய புரெவி புயல், மறுநாள் மன்னார் வளைகுடாவுக்கு வந்தது. அன்றிரவோ விடியலிலோ பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கடக்கும் என்றார்கள். ஆனால் இழுக்கும் காற்று ஓய்ந்துபோக, ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்திலேயே அப்படியே நின்றுவிட்டது. கடக்கவேயில்லை, கடலிலேயே கரைந்தது. அப்புறம் மழை? அது கடலூர், சிதம்பரம் பக்கம் போய்க் கொட்டித் தீர்த்தது.