சுவடுகளை வாசித்துக் கயோட்டியை அறிவோம்: சிகாகோ புறநகர் வனக் காப்பகங்களில் நடப்போருக்கு

சிகாகோவையும் அதன் புறநகர்கள் பலவற்றையும் உள்ளடக்கிய குக் கவுண்டியில் ஏறத்தாழ 70,000 ஏக்கர் நிலம் வனக் காப்பகமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஷாம்பர்க், ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் பல மாலை நடைக்குச் செல்லும் பஸ்ஸி உட்ஸும் பாப்ளர் கிரீக்கும் அதில் அடங்கியவையே. இக்காப்பகங்களில் மக்களை அழைத்துச் சென்று இயற்கையை அறிமுகப்படுத்தும் பணியில் இருக்கும் என்னிடம், "நேத்து சாயங்காலம் ஓநாய் மாதிரி ஒண்ணு குறுக்கே ஓடுச்சுங்க, இனிமே குழந்தைகளைக் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்காத வாரம் அரிது. அவர்கள் பார்த்தது கயோட்டி. நம்மூர்க் குள்ளநரியின் நெருங்கிய உறவான இந்த விலங்கு, இங்கே பெரும்பாலும் 11 முதல் 16 கிலோ வரைதான் இருக்கும். குளிர்காலத்து அடர்ந்த ரோமம் அதை இருமடங்கு பெரிதாகக் காட்டிவிடுகிறது.

அது புதிதாக வந்து சேர்ந்த விருந்தாளியும் இல்லை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி கெர்ட் தலைமையில் 2000ஆம் ஆண்டு இங்கு தொடங்கிய ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கயோட்டிகளைப் பிடித்து அடையாளமிட்டு, பலவற்றுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை அணிவித்துப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். இணை பிரியாமல் குட்டிகளை வளர்க்கும் குடும்பங்கள், மனிதர்கள் உறங்கிய பிறகு தெருக்களைக் கடந்து வேட்டைக்குச் சென்று திரும்புவதை அந்த ஆய்வு காட்டியது. பல்லாண்டுகளாக அருகிலேயே வாழ்ந்தும் நாம் அவற்றைக் காணாதிருப்பதற்கு, அவை நம்மிடம் காட்டும் அச்சமே காரணம். அந்த அச்சம் குலையாமல் இருப்பதுதான் அவற்றுக்கும் நமக்கும் பாதுகாப்பு. ஆகவே கயோட்டியைத் தேடி அலையாமல், அது விட்டுச் சென்ற தடயங்களை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் வலியுறுத்துகிறேன்.

மழை ஓய்ந்த மறுநாள் சேற்றுப் பாதையும், மெல்லிய பனி படிந்த காலையும் இதற்கு மிகவும் ஏற்றவை. கயோட்டியின் முன்கால் சுவடு ஏறக்குறைய ஆறு, ஆறரை சென்டிமீட்டர் நீளத்தில் நீள்வட்டமாக இருக்கும். நடுவிரல்கள் இரண்டின் நகக்குறிகளும் ஒன்றையொன்று நெருங்கி முன்னோக்கி நிற்கும். விரல்களுக்கும் பாதத்தின் மெத்தைக்கும் இடையே மேடிட்டு நிற்கும் மண்ணை உற்றுப் பார்த்தால் ஒரு பெருக்கல் குறி தெரியும். வளர்ப்பு நாயின் சுவட்டில் விரல்கள் விரிந்து, நகங்கள் பல திசைகளில் மழுங்கலாகப் பதிந்திருப்பது வழக்கம். ஆயினும் நாய்களில் எத்தனையோ இனங்கள் உண்டு என்பதால், ஒற்றைச் சுவட்டை வைத்து நான் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. இருபது முப்பது அடி தூரம் தடத்தைத் தொடர்ந்து பார்ப்பேன். நாய் அங்குமிங்கும் மோப்பம் பிடித்து வளைந்து வளைந்து ஓடியிருக்கும். வயிற்றுப்பாட்டுக்காக நடக்கும் கயோட்டியோ வலுவை வீணாக்காமல், முன்கால் பதிந்த குழியிலேயே பின்காலையும் வைத்து, நூல் பிடித்தாற்போல் நேராகப் போயிருக்கும்.

பாதைகள் சந்திக்கும் இடங்களில், பலர் கண்ணிலும் படும்படி எச்சத்தை, அதாவது மலத்தை, இட்டுச் செல்வது அவற்றின் எல்லை அறிவிப்பு. கயிறு போல முறுக்கி, முனை கூர்ந்திருக்கும் அதில், குளிர்காலமானால் முயல் ரோமமும் எலியின் பொடி எலும்புகளும், கோடை முடிவானால் காட்டுப் பழங்களின் கொட்டைகளும் தெரியும். இப்பகுதியில் சேகரித்த எச்சங்களை ஆராய்ந்தபோது 42 விழுக்காட்டில் சிற்றெலி வகைகளும், 23 விழுக்காட்டில் பழங்களும், 22 விழுக்காட்டில் மானும், 18 விழுக்காட்டில் முயலும் இருந்தன; பூனையின் தடயம் இருந்தவை இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. அதற்காகப் பூனையையோ சிறு நாயையோ இரவில் வெளியே விட்டுவைக்கலாம் என்று பொருளில்லை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: எச்சத்தை வெறுங்கையால் தொடக் கூடாது, கிளறி முகரவும் கூடாது. மனிதருக்குக் கடுமையான ஈரல் நோயை உண்டாக்கும் நாடாப்புழுவின் முட்டைகள் அதில் இருக்கக்கூடும்.

இரவில் கேட்கும் ஊளை பலரையும் அச்சுறுத்துகிறது. ஒரே குரலில் நிற்காமல் ஏற்ற இறக்கங்களை விரைவாக மாற்றிக்கொண்டே போவதாலும், மரங்களில் மோதி எதிரொலிப்பதாலும், இரண்டு கயோட்டிகள் எழுப்பும் ஒலி பெரிய கூட்டம் சூழ்ந்துகொண்டதைப் போல் கேட்கும். பிரிந்திருக்கும் குடும்பத்தார் ஒருவரையொருவர் அழைப்பதும், அண்டைக் குடும்பத்துக்கு எல்லையை உணர்த்துவதுமே பெரும்பாலும் அதன் நோக்கம். தீயணைப்பு வண்டியின் சைரனுக்குக்கூட அவை பதில் குரல் கொடுப்பதுண்டு.

பிப்ரவரியையொட்டி இணைசேரும் கயோட்டி, ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஏப்ரல் வாக்கில் குட்டி ஈனும். அப்போதிருந்து கோடை நடுப்பகுதி வரை, நாயோடு வருபவரைச் சற்றுத் தள்ளியே தொடர்ந்து வந்து, வளையிருக்கும் பகுதியைத் தாண்டியதும் நின்றுவிடும். பதுங்கித் தாக்க வருவதாக எண்ணி ஓடிவிடாதீர்கள். அது குட்டிகளிடமிருந்து நாயை அப்புறப்படுத்த முயல்கிறது. நாயைக் குறுகிய வாரில் பிடித்துக்கொண்டு, சிறிய நாயானால் தூக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்கினால் போதும். அதன் பிறகும் நெருங்கி வருமானால் கைகளை உயர்த்தி உரக்கக் கத்த வேண்டும்.

நேரில் காணும் வாய்ப்பு அமைந்தால் இருக்கும் இடத்திலேயே நின்று பைனாகுலரில் பாருங்கள். புல்வெளியில் காதுகளை முன்னே குவித்து அசையாமல் நின்று, புல்லடியில் ஓடும் எலியின் ஒலியை மட்டும் கொண்டே இடத்தைக் கணித்து, சட்டென்று வில்லாக எம்பி முன்கால்கள் இரண்டையும் ஒருசேர ஊன்றும் அந்த வேட்டையைக் காணப் பொறுமை தேவை. அது வேலையை நிறுத்திவிட்டு உங்களையே உற்றுப் பார்க்கத் தொடங்கினால், நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள்.

உணவு தருவதுதான் நாம் அதற்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கேடு. நம் வீடுகளில் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இங்கே பின்கட்டு டெக்கில் வைக்கும் சோற்றுக்கு எலியும் அணிலும் ரக்கூனும் வரும், அவற்றைத் தேடிக் கயோட்டியும் வரும். வைத்தால் கொஞ்சமாக வைத்து, மீந்ததைப் பொழுது சாயுமுன் எடுத்துவிடுங்கள். மனிதர் என்றால் உணவு என்று பழகிய கயோட்டி ஒருநாள் யாரையாவது நெருங்கும். அதன் முடிவு பெரும்பாலும் அதைக் கொல்வதாகவே அமைகிறது. அந்த இடம் காலியாகவும் இருப்பதில்லை, எல்லை தேடி அலையும் இன்னொன்று வந்து குடியேறிவிடும்.

பகலில் ஒரு கயோட்டி தென்பட்டது என்பதற்காக மட்டும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. கத்தியும் விலகாமல் மனிதரை நோக்கி வருவது, யாரோ தொடர்ந்து உணவிடுவது, சொறி நோயால் ரோமம் உதிர்ந்து வீட்டு வாசல்களில் பகலில் படுத்துக் கிடப்பது ஆகியவற்றை உடனே காப்பக அலுவலகத்துக்கோ ஊராட்சியின் விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கோ தெரிவியுங்கள். வளையைக் காண நேர்ந்தால் அப்போதே விலகி வந்துவிடுங்கள். அது இருக்குமிடத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பகிராதீர்கள். ஆள்நடமாட்டம் கூடினால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறிடம் தேட வேண்டியிருக்கும், வழியில் நான்குவழிச் சாலை குறுக்கிட்டால் அதையும் கடந்தே ஆக வேண்டும்.