நீலமே இல்லாத நீல நிலா

நாம் 'அத்தி பூத்தாற்போல' என்று சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பார்கள். அவன் ஊருக்கு வருவதே ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்தான் என்றால், எப்போதாவது தலைகாட்டுகிறான் என்று அர்த்தம். அடியோடு வருவதில்லை என்று அல்ல. அத்தியும் பூக்காமல் இல்லையே, பூவைக் காய்க்குள் ஒளித்து வைத்திருக்கிறது.

சரி, நிலா நீலமாகுமா? நாட்காட்டி சொல்லும் நீல நிலாவுக்கு நிறத்தோடு சம்பந்தமே கிடையாது. ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டாவதாக வரும் பௌர்ணமிக்கு அந்தப் பெயர். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 29.53 நாள். பன்னிரண்டு சுற்றுக்கு 354 நாளே ஆவதால் ஆண்டுக்கு 11 நாள் மிஞ்சும். அந்த மிச்சம் சேர்ந்து 19 ஆண்டுகளில் 7 பௌர்ணமி கூடுதலாகிவிடும். 2026 மே மாதத்தில் 1, 31 இரண்டு தேதிகளிலும் பௌர்ணமி விழுவது இதனால்தான். ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு அமாவாசை வந்தால் மல மாதம் என்று நம் வீடுகளில் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதற்கும் இந்த 11 நாள்தான் காரணம்.

இந்த விளக்கமே ஒரு பிழையில் பிறந்தது என்பது வேடிக்கை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலப் பஞ்சாங்கத்தில், மூன்று மாதப் பருவம் ஒன்றில் நான்கு பௌர்ணமி வந்தால் மூன்றாவதுதான் நீல நிலா. 1946இல் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழில் ஜேம்ஸ் ஹ்யூ ப்ரூயெட் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, மாதத்தின் இரண்டாவது பௌர்ணமி என்று எழுதிவிட்டார். 1999இல் அந்த இதழே தவற்றை ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது, யார் திருத்துவது!

எப்படிப் பார்த்தாலும் ஏறக்குறைய இரண்டே முக்கால் ஆண்டுக்கு ஒன்று வந்துவிடுகிறது. இதையா அபூர்வம் என்பது?

உண்மையிலேயே நீலமாகத் தெரியும் நிலாதான் அபூர்வம். அதற்குக் காற்றில் தூசியோ புகையோ வேண்டும். துகள்கள் சிவப்பு ஒளியின் அலைநீளத்தைவிடச் சற்றே பெரிதாக, ஏறக்குறைய ஒரே அளவிலும் இருக்க வேண்டும். அப்போது அவை சிவப்பைச் சிதறடித்து நீலத்தை விட்டுவிடும். சாதாரணப் புகையில் துகள்களின் அளவு இப்படி அமைவதில்லை, நிலா சிவந்துதான் தெரியும். 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது உலகின் பல இடங்களில் நிலா நீலமாகத் தெரிந்தது. 1950 செப்டம்பரில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் காடு எரிந்த புகை அட்லாண்டிக்கைக் கடந்துபோனது. ஸ்காட்லாந்துக்காரர்கள் அன்று நிலாவை மட்டுமல்ல, சூரியனையும் நீலமாகப் பார்த்தார்கள்.