சில்லறைதானே என்று வயலின் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள்

இந்தக் கோடையிலும் அதே கதைதான். ஐரோப்பிய நகரங்களில் தெருவில் நின்று வாசிக்கிறவர்கள், அதிகாரிகள் ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொண்டு போன பிறகு தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். அபராதச் சீட்டைப் படமெடுத்து அனுப்பி, "இதுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்கிறார்கள். ஒரு நாள் முன்னால் கேட்டிருந்தால் பத்து யூரோவில் முடிந்திருக்கும். தெருவில் வாசிப்பதற்கான விண்ணப்பங்களை நிரப்பித் தருவதும், அபராதத்துக்கு மறுப்புக் கடிதம் எழுதித் தருவதும் என் தொழில். முதல் வேலை பெரும்பாலும் பலன் தரும். இரண்டாவது பெரும்பாலும் தராது. ஆகவே கடிதம் எழுதும் நிலைக்கு வருவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

நான் அதிகம் கேட்கிற வாக்கியம் இது: "அது சம்பளம் இல்லையே, பிடிச்சவங்க போடுற சில்லறைதானே." இந்த ஒரு நினைப்பு கெடுத்த அளவுக்கு வேறு எதுவும் கெடுத்ததில்லை. சட்டம் பணத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. நீங்கள் சம்பாதிக்கும் எண்ணத்தோடு ஒரு செயலைச் செய்கிறீர்களா என்றுதான் பார்க்கிறது. பூங்காவில் நண்பர்களோடு உட்கார்ந்து வாசிப்பது வேறு. நடைபாதையில் நின்று, முன்னால் பெட்டியைத் திறந்து வைத்து, உள்ளே நாலு நாணயத்தை நீங்களே போட்டு வைத்து வாசிப்பது வேறு. இரண்டாவது சுயதொழில். முதலாளி இல்லை, சம்பளச் சீட்டு இல்லை என்பதால் அது தொழில் இல்லாமல் போய்விடாது. முதலாளி இல்லாமல் சம்பாதிப்பதற்குப் பெயரே சுயதொழில்தான். பெட்டிக்குப் பதிலாகக் கியூஆர் கோடு ஒட்டினால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நாணயம் எண்ணிக்கையில்லாமல் போகும். கியூஆர் கோடு தேதி, நேரம், தொகையோடு வங்கிக் கணக்கில் பதிவாகும்.

இது ஏன் முக்கியம் என்றால், விசா. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா 180 நாளில் 90 நாள் தங்க விடுகிறது. வேலை செய்யும் உரிமையை அது தானாகத் தருவதில்லை. பிரிட்டனின் சுற்றுலா விசாவிலும் அப்படித்தான். மாணவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரிட்டனின் மாணவர் விசா பாடகாலத்தில் பொதுவாக வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்ய விடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே நிபந்தனைகளில், சுயதொழில் கூடாது, கேளிக்கைக் கலைஞராக வேலை பார்க்கக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. ஜெர்மனியில் மாணவர்களுக்கு 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை அனுமதி உண்டு. அது ஒருவரிடம் வேலைக்குச் சேர்வதற்கு. சுயதொழிலுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி தனியாக வேண்டும். குடியிருப்பு அட்டையோடு தரும் இணைப்புத் தாளை எடுத்துப் பாருங்கள்; உங்களுக்கு எது உண்டு, எது இல்லை என்று அதில் இருக்கும்.

அடுத்து வரும் கேள்வியும் தெரியும்: "நகராட்சியே பெர்மிட் கொடுத்துடுச்சே, அப்ப வாசிக்கலாம்னுதானே அர்த்தம்?" இல்லை. நகராட்சி சொல்வது, இந்த இடத்தில் இந்த நேரத்தில் சத்தம் எழுப்பலாம் என்பது மட்டும். நீங்கள் அந்த நாட்டில் சம்பாதிக்கலாமா என்பது வேறு அலுவலகத்தின் வேலை. இரண்டும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்வதில்லை. அயர்லாந்தின் டப்ளினில் வெளியூர்க் கலைஞர்களுக்கென்றே 2016ஆம் ஆண்டு விதிகளில் இரண்டு வாரப் பெர்மிட் ஒன்றை 10 யூரோவுக்கு வைத்தார்கள். அதைக் கையில் வைத்திருப்பதால் சுற்றுலா விசா வேலை விசா ஆகிவிடாது. தயவுசெய்து இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். அபராதம் கட்டி மறந்துவிடலாம். விசா நிபந்தனையை மீறியதாக ஒரு பதிவு விழுந்தால் அடுத்த விண்ணப்பத்திலும் அதற்கடுத்த விண்ணப்பத்திலும் அது கூடவே வரும்.

விசா சரியாக இருக்கிறவர்கள் இனி நகரத்தைப் பார்க்கலாம். ஐரோப்பா முழுவதற்கும் செல்லும் பெர்மிட் என்று ஒன்று கிடையாது. நாடு முழுவதற்கும் செல்வதுகூட அரிது. விதி ஊருக்கு ஊர், சில இடங்களில் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்.

ஜெர்மனியின் மியூனிக்கில், பழைய நகரின் வண்டி ஓடாத நடைவீதிகளில் வாசிக்க, மரியன்பிளாட்ஸில் உள்ள நகர மன்றத்துக்குக் கருவியோடு போய் வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டுப் பார்த்துத்தான் சீட்டுத் தருவார்கள். கட்டணம் 10 யூரோ. அன்றைக்கு மட்டும் செல்லும். ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சீட்டுகள்தான், ஆகவே காலையிலேயே போக வேண்டும். ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்கவும் முடியாது. டிரம்ஸ், ட்ரம்பெட் போன்ற உரத்த கருவிகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடமில்லை. பக்கத்து ஊரில் ஒலிபெருக்கியோடு வாசித்துவிட்டு அதே பொருள்களோடு இங்கே வந்து இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

அதே ஜெர்மனியில் கொலோனில் கணக்கு வேறு. ஒவ்வொரு மணியின் முதல் அரைமணி வாசிக்கலாம். மறு அரைமணி அங்கே குடியிருப்பவர்களுக்கான ஓய்வு. அந்த நேரத்தில் நீங்கள் இடம் மாற வேண்டும். அதாவது 3 மணிக்குத் தொடங்கினால் 3:30க்கு நிறுத்திவிட வேண்டும். 3:20க்குத் தொடங்கினால் உங்களுக்குப் பத்து நிமிடம்தான். 3:50 வரை இல்லை. பலர் தப்பு செய்வது இந்த இடத்தில்தான். "நான் அரைமணிதான் வாசிச்சேன்" என்பது அங்கே பதிலாகாது. ராக ஆலாபனையில் இறங்கிவிட்டு நேரம் போனது தெரியவில்லை என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். போனில் அலாரம் வையுங்கள், 25ஆவது நிமிடத்துக்கு.

லண்டனில் ஒரே நகருக்குள் பல விதிகள். கேம்டன் வட்டாரம் 2013இல் உரிமம் கட்டாயம் என்று முடிவெடுத்தது. கலைஞர்கள் நீதிமன்றம் வரை போயும் அந்த முடிவு மாறவில்லை. உரிமம் இல்லாமல் வாசித்தால் 1000 பவுண்டு வரை அபராதம். வெஸ்ட்மின்ஸ்டர் 2021இல் தனித் திட்டம் கொண்டுவந்தது: ஆறு மாத உரிமத்துக்கு 20 பவுண்டு, குறித்துவைத்த இடங்களில் மட்டும். அருகருகே உள்ள இந்த இரண்டு வட்டாரங்களில் ஒன்றின் உரிமம் மற்றதில் செல்லாது. பாதாள ரயிலுக்கு 2003 முதல் தனி ஏற்பாடு, தனித் தேர்வு, தரையில் குறித்த இடங்கள். பாரிஸ் மெட்ரோவிலும் 1997 முதல் தேர்வு வைத்து அட்டை தருகிறார்கள். அந்த அட்டை நிலைய நடைக்கூடங்களுக்கு மட்டும். ரயில் பெட்டிக்குள் வாசிப்பதற்கு யாருக்கும் அனுமதியில்லை. பெட்டிக்குள் அக்கார்டியன் வாசிக்கும் ஒருவரை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர் இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

எடின்பரோவில் உரிமமே தேவையில்லை என்று கேள்விப்பட்டு மகிழ்ச்சியோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1982ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம் ஒன்றின்படி, யாருக்காவது தொந்தரவாக இருந்து போலீஸ் நிறுத்தச் சொன்ன பிறகும் வாசிப்பதுதான் குற்றம். போலீஸ் உங்கள் கருவியையும் பறிமுதல் செய்யலாம். அங்கே போலீஸ் வந்ததும் விவாதம் செய்கிறவர், விவாதம் செய்துகொண்டே குற்றத்துக்குள் நுழைகிறார்.

தெரு மாதிரித் தெரிகிற எல்லாம் தெரு இல்லை என்பதையும் கவனியுங்கள். ரயில் நிலைய முகப்பு, கடைவளாக முற்றம், ஆற்றங்கரை உலாமேடை என்று பல இடங்கள் தனியார் அல்லது ஒரு நிறுவனத்தின் நிலம். நகராட்சி உரிமம் அங்கே வெறும் காகிதம். தரைக்கல்லின் நிறமோ வடிவமோ திடீரென்று மாறுகிற இடத்தில் சந்தேகப்படுங்கள். பக்கத்தில் நிற்கும் காவலாளியிடம் இது யாருடைய நிலம் என்று கேட்டுவிடுவது எளிது.

இனி ஒலிபெருக்கி. "சின்ன ஸ்பீக்கர்தான்" என்பது ஒரு பதிலே இல்லை. ஒலிபெருக்கி கூடாது என்று சொல்கிற ஊரில் கையகல புளூடூத் ஸ்பீக்கரும் ஒலிபெருக்கிதான். கர்நாடக இசைக்காரர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: வயலினுக்கு மைக் இல்லை, ஆனால் போனில் ஓடும் தம்புரா ஸ்பீக்கர் வழியாக வருகிறது. அதிகாரிக்குத் தம்புரா தெரியாது. மின்கருவியிலிருந்து வருகிற தொடர் ஒலி ஒன்று அவர் காதில் விழுகிறது, அவருக்கு அது போதும். கையால் இயக்கும் சுருதிப் பெட்டியை எடுத்துப் போங்கள், அல்லது பக்கத்தில் ஒருவரைத் தம்புரா மீட்ட வையுங்கள். இரண்டும் மின்சாரம் இல்லாதவை.

அனுமதிக்கிற ஊரிலும் அளவு உண்டு. நடைவீதிகளில் இருபுறமும் கல் சுவர். ஒலி எங்கும் கரையாமல் திரும்பத் திரும்ப மோதும். கீழ்ஸ்தாயி அதிர்வு மூடிய கண்ணாடியையும் தாண்டி மூன்றாம் மாடி அலுவலகத்துக்குள் போகும். லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கிருந்த அலுவலகம் ஒன்று நீதிமன்றம் போனது, சத்தம் சட்டப்படி தொல்லைதான் என்று 2025இல் நீதிபதி சொன்னார், ஏப்ரல் 17 முதல் அங்கே வாசிப்பதையே வெஸ்ட்மின்ஸ்டர் நிறுத்தி வைத்தது. அந்த வழக்கில் குறை, சத்தத்தின் அளவோடு நிற்கவில்லை. அதே பாட்டுகள் திரும்பத் திரும்ப வந்ததும் சேர்ந்துகொண்டது. நாலு பாட்டை வைத்துக்கொண்டு கூட்டம் மாறுகிறதே என்று நினைக்காதீர்கள். கூட்டம் மாறும், பூக்கடைக்காரர் மாற மாட்டார், மேல்மாடியில் கணக்கு எழுதுகிறவர் மாற மாட்டார். புகார் செய்வது அவர்கள்தான். ஒரு மணி நேரத்துக்குத் திரும்ப வராத அளவுக்காவது உருப்படிகள் வைத்திருங்கள். தொடங்கும் முன் நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு முப்பது அடி நடந்து போய்க் கேளுங்கள். பக்கத்தில் பேசுகிறவர் குரல் உயர்த்த வேண்டியிருந்தால் குறைத்துவிடுங்கள்.

பறை, தவில், நாதஸ்வரம் வாசிக்கிறவர்களிடம் கொஞ்சம் வருத்தத்தோடுதான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவை திறந்தவெளிக்கென்றே பிறந்த கருவிகள், ஐரோப்பிய நடைவீதி விதிகள் பெரும்பாலும் விலக்கி வைப்பதும் இவற்றைத்தான். "பாரிஸ் லா ஷப்பெல்ல பிள்ளையார் தேருக்கு நடுத்தெருவில தவில் அடிக்கிறாங்களே, ஜெர்மனியில ஹாம் அம்மன் கோயில் தேரில வாசிக்கிறாங்களே" என்று கேட்கிறார்கள். அது ஊர்வலத்துக்கென்று நடத்துகிறவர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்து, பாதையும் நேரமும் குறித்து நடத்துவது. மறுநாள் அதே முனையில் நீங்கள் தனியாகப் பறையோடு நின்றால் அந்த அனுமதி உங்களுக்கு வராது. இந்தக் கருவிகளுக்கு நல்ல வழி, ஒரு சங்கத்தின் பெயரில் நிகழ்ச்சியாக விண்ணப்பிப்பதுதான். அதற்கு நாள்கணக்கில் இல்லை, வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும்.

மற்றபடி சுருக்கமாக: ஊர்ப் பெயரோடு நகராட்சியின் சொந்த இணையப் பக்கத்தைப் படியுங்கள், மூன்று வருடம் முன்பு யாரோ போட்ட காணொளியை நம்பாதீர்கள். கட்டணமும் இடங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பெர்மிட்டைக் காகிதத்தில் வைத்திருங்கள்; போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். பக்கத்தில் இன்னொருவர் வாசித்துக்கொண்டிருந்தால் குறைந்தது 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கடை வாசலையும், பேருந்து நிறுத்தத்தையும், பார்வையற்றோருக்காகத் தரையில் பதித்த வரிக்கற்களையும் அடைக்காதீர்கள். சிடி விற்காதீர்கள், பல நகரங்களில் அது தெரு வியாபாரமாகிவிடும், அதற்கு வேறு உரிமம் வேண்டும். விபத்துப் பொறுப்புக் காப்பீடு எடுங்கள். உங்கள் ஒயரில் தடுக்கி ஒருவர் விழுந்தால் மருத்துவச் செலவு உங்கள் தலையில்தான் விழும். பிரிட்டனில் இசைக்கலைஞர் சங்க உறுப்பினர்களுக்கு இது ஒரு கோடி பவுண்டு வரை சந்தாவோடேயே கிடைக்கிறது. வரும் பணத்தைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். பிரிட்டனில் தொழில் வருமானம் ஆண்டுக்கு 1000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறைக்குச் சொல்ல வேண்டும்.

அதிகாரி வந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள். பல்லவியை முடித்துவிட்டு வருகிறேன் என்பதெல்லாம் வேண்டாம். ஸ்பீக்கரை அணையுங்கள், பெர்மிட்டைக் காட்டுங்கள், எந்த விதி மீறப்பட்டது என்று பணிவாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த இடத்திலேயே பணம் கட்டச் சொன்னால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். கருவியை எடுத்துக்கொண்டால், எடுத்த பொருள்களின் பட்டியல், அதிகாரியின் எண், திரும்பப் பெற வேண்டிய அலுவலகத்தின் முகவரி மூன்றும் உள்ள தாளைக் கையில் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். ஆம்ப்ளிஃபையரின் வரிசை எண்ணையும் வாங்கிய பில்லையும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே படமெடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். அது உங்களுடையதுதான் என்று காட்ட அந்த இரண்டைத்தான் கேட்பார்கள்.