பேட்டை ரவுடி

'வண்ணாரப்பேட்டையா? அங்கே எப்படி இருக்கீங்க?' வீடு மாறிய புதிதில் இப்படிக் கேட்காத ஆள் கிடையாது. கேட்டவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. 'பேட்டை ரவுடி' என்று பேப்பரில் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பேட்டை என்றால் சந்தை கூடுகிற இடம். வணிகரும் கைத்தொழில் செய்வோரும் குடியேறிய பகுதி. கன்னடத்தில் இன்றும் 'பேட்டெ' கடைவீதிதான். புனேயில் புதவார் பேட், சனிவார் பேட் என்று கிழமைப் பெயரிலேயே பேட்டைகள் உண்டு. சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்ய 1734இல் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். வண்ணாரப்பேட்டை துணி வெளுத்தவர்களின் ஊர். 'இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்' தமிழுக்கு வந்தபோதும் தொழிற்பேட்டை என்றுதான் ஆனது.

ரவுடி, அமெரிக்க ஆங்கிலம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே காட்டோரத்து முரட்டு ஆளைக் குறித்த சொல், இங்கே காவல்நிலையப் பதிவேட்டில் ஏறிவிட்டது. (கேடியும் அப்படித்தான். 'Known Depredator', அதாவது போலீசுக்குத் தெரிந்த கொள்ளைக்காரன், என்பதன் முதலெழுத்துகள். கேடு என்ற சொல் பக்கத்தில் இருந்ததால் தமிழ்போல ஒட்டிக்கொண்டது.)

பேட்டை ரவுடி என்பதில் ஒரு கேலி இருக்கிறது. தன் தெருவில் மட்டும் சவுண்டு விடுபவன். நாலு தெரு தாண்டினால் அவனை யாருக்கும் தெரியாது. செய்தியிலும் டீக்கடைப் பேச்சிலும் இது தலைகீழாகிவிடுகிறது. 'வியாசர்பாடி ரவுடி', 'காசிமேடு ரவுடி' என்று தினமும் படித்தால் ஆள் மறந்துபோவான், ஊர் மனதில் நிற்கும். சீட்டுப் பணத்தைச் சுருட்டியவர் அண்ணா நகர்க்காரர் என்று படித்து, அங்கே வீடு பார்க்க யாராவது பயந்ததுண்டா?

சரி, ரவுடிக்குத் தமிழ் என்ன? போக்கிரி தெலுங்கிலிருந்து வந்தது. குண்டர் இந்தி வழி. 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டம் அதை நிலைநிறுத்திவிட்டது. முரடன் குணத்தைச் சொல்லும், பிழைப்பைச் சொல்லாது. கூலிக்கு அடிப்பவனுக்கு அடியாள் இருக்கிறது, நல்ல சொல். மற்றவர்களுக்கு முரடனே போதும். எதைப் போட்டாலும் முன்னால் ஊர்ப்பெயர் வேண்டாம் என்பேன்.

எங்கள் வீட்டுக்கு வரப் பயப்படும் சித்தி, தீபாவளிக்குப் புடவை எடுக்க வருஷா வருஷம் எம்.சி. ரோட்டுக்கு வந்துவிடுவார். அதுவும் வண்ணாரப்பேட்டைதானே என்றேன்.

"அது பேட்டை இல்லப்பா, கடைத்தெரு" என்றார்.